முக்கூடல் டீச்சரின் முன்பல்

இன்று காலை நம் கிளினிக்கின் கை கழுவும் தொட்டியில் தண்ணீர் ரோஸ் நிறமாக ஓடியது. செவப்பு மருந்துப் பாட்டிலின் மூடி இளகிக் கிடந்திருக்கிறது. கவனிக்காமல் எடுத்ததில் விரலெல்லாம் அப்பிக்கொண்டது. சோப்புப் போட்டேன், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், நகக்கண்ணில் இருந்தது மட்டும் அசையவே இல்லை. அந்த மருந்துக்கு ஒரு மணம் உண்டே, சர்பத்துக் கடையில் எசென்ஸ் பாட்டிலைத் திறந்தது மாதிரி. அது மூக்கில் ஏறியதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உதவிக்கு இருக்கும் பெண் பதறிப்போய், "என்னக்கா, தலை சுத்துதா?" என்றாள். "ஒண்ணுமில்ல, பைய அவங்கள உள்ள வரச்சொல்லு" என்றேன். நீ போன பிறகு நான் அந்தப் பாட்டிலைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

உள்ளே வந்தது யார் தெரியுமா? முக்கூடல் டீச்சர். கூடவே அவள் மகள். பிள்ளை பல் துலக்குகிறேன் என்று தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறாளாம், மருந்து போட்டுக் காட்டுங்கள் டாக்டர் என்று கூட்டி வந்திருந்தாள். அந்த டீச்சர் விஷயத்தில் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் பதினோரு வருஷம் இருந்துவிட்டேன். நாம் ரெண்டு பேரும் ஒரே அறையில், ஆறடி தள்ளி ரெண்டு நாற்காலி போட்டு வேலை பார்த்தவர்கள். திரும்பிச் சொன்னால் போதும். சொல்லவில்லை. இப்போது நீ பேட்டைப் பள்ளிவாசல் மையவாடியில் மண்ணுக்குள் படுத்திருக்கிறாய், நான் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கெட்டிக்காரிதான் நான்.

அந்த மருந்து உன்னுடைய பைத்தியம். பல்லில் படிகிற அழுக்குப் படலம் கண்ணுக்குத் தெரியாது. மருந்தைத் தடவிக் கொப்பளித்தால் படலம் இருக்கிற இடமெல்லாம் செக்கச் செவேலென்று நிற்கும், தேய்த்துத் துலக்கினால் போய்விடும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் நீ அதை ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவாய். பிள்ளைகள் கண்ணாடியில் தங்கள் வாயைப் பார்த்து "ஏலே, ரத்தக்காட்டேரிலே" என்று கத்தும், நீ அவர்களை விட அதிகமாகக் கத்துவாய். உன் வாப்பா கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் நாம் கிளினிக் திறந்த அன்றே வேலையைப் பிரித்துக்கொண்டோம். வாயாடி உனக்கு ஊரும் முகாமும், கோவக்காரி எனக்கு உள்ளே உட்கார்ந்து பல் கட்டுகிற வேலை. "ஒன் மூஞ்சிய முகாம்ல வச்சா பிள்ளைக பல்லக் காட்டுதது எங்க, வாயையே தொறக்காது ட்டி" என்பாய். நான் பதிலுக்கு எதையாவது தூக்கி எறிவேன், பஞ்சு உருண்டைதான், நாற்காலியில் இருப்பவரிடம் பயப்படாதீங்க என்று சொல்லி நீயே பிடித்துத் திருப்பி வைப்பாய்.

முன்பல் கட்டுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதற்கு நீயும் காரணம். பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருஷத்தில் நீ ஸ்கூட்டரோடு விழுந்து முன்பல் மூளி ஆனபோது, சாரிடம் போகாமல் என்னிடம் வந்து வாயைத் திறந்தாய். நான் கட்டிய முதல் முன்பல் அதுதான். பரீட்சைக்கு வருகிறவர் கண்ணில் படுமே என்று ஒரு மணி நேரம் பாலிஷ் போட்டேன். "தேச்சுத் தேச்சுப் பல்லே இல்லாம ஆக்கிராத ட்டி" என்று நீ வாய்க்குள் பஞ்சோடு முனகினாய். அதற்கப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்டி, "இதுல எது எம்பல்லு, எது இவ பல்லுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பாய். ஒருத்தரும் சொன்னதில்லை.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

டீச்சர் சாயங்காலம் வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு இருக்கும். சின்ன வயதில் ஆற்றுப் படித்துறையில் பாசியில் வழுக்கி விழுந்து முன்பல் பாதி, குறுக்காகப் போயிருந்தது. சிரிக்கிற போதெல்லாம் கை தானாக வாய்க்குப் போய்விடும் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றாள். அதற்கு முந்தி வந்த ரெண்டு இடத்தாரும் பல்லைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமலே போனவர்கள். நான் அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து, பல் நிறப் பசையை அடுக்கடுக்காக வைத்து நீல விளக்குக் காட்டி இறுக்கிக் கட்டினேன். நல்ல வேலை ட்டி அது. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் வாசலில் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். மறுநாள் ஆழ்வார்குறிச்சியில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும், காரில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டின பல்லுக்குப் பாலிஷ் பாக்கி. மெஷினில் மாட்டும் முரட்டு வட்டில் ஆரம்பித்து மெல்லிய வட்டு வரைக்கும் நாலு வட்டு மாற்றித் தேய்க்க வேண்டும். எப்படியும் இருபது நிமிஷம். விளக்குக் காட்டி இறுக்கினாலும் காற்றுப் படுகிற மேல்தோல் சரியாக இறுகாது, அதைத் தேய்த்து எடுத்தால்தான் வேலை முடிந்த மாதிரி. இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். பஞ்சை நனைத்து ஒரு துடை துடைத்தேன். ஈரத்தில் எந்தப் பல்லும் பளபளக்கும். கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் பார்த்தாள், கை வாய்க்குப் போகவில்லை, கண் நிறைந்துவிட்டது. அப்போதாவது "அடுத்த வாரம் ஒருக்கா வாம்மா, கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாளே. அட்டையில் 'முடிந்தது' என்று எழுதிவிட்டுக் காரில் ஏறினேன்.

மறுநாள் நீ முகாம் போட்டது அவள் பள்ளிக்கூடத்தில்தான். எனக்கும் அது தெரியும், ஆனால் டீச்சர் வாயில் நீ மருந்து தடவுவாய் என்று நான் கனவா கண்டேன்?

நான் வளைகாப்புப் பலகாரப் பையோடு சனிக்கிழமை சாயங்காலம் நேரே கிளினிக்குக்கு வந்தால், டீச்சர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் "டீச்சருக்கு மொதல்ல, டீச்சருக்கு மொதல்ல" என்று ஆர்ப்பாட்டம் பண்ணியிருக்கின்றன. நீ தடவியிருக்கிறாய். எல்லாப் பல்லும் துலக்கியதும் வெள்ளையாகிவிட்டது. நான் கட்டிய பாதிப் பல் மட்டும் பஞ்சுமிட்டாய் நிறத்தில் நின்றது. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் நின்று முக்கால் மணி நேரம் துலக்கியிருக்கிறாள், ஈறுதான் கிழிந்தது. "நாளைக்கு ஆளு வராங்களே டாக்டர்" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. உன்னிடம் இப்போதும் பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பாலிஷ் போட்ட பல்லில் அவ்வளவு கலர் ஏறாது. தெரிந்ததும் வாய் தானாகக் கத்தியது. "ஃபில்லிங் இருக்க பல்லுல எவளாவது இந்த மருந்தப் போடுவாளா? போடுறதுக்கு முன்ன வாயப் பாக்க மாட்டியா? மருந்து ஒட்டாம ஒதட்டுக்குத் தடவுத வாஸ்லின்ல ஒரு இழுப்பு ஃபில்லிங்குக்கும் தடவுனா என்ன? கண்ணு எங்க இருந்துச்சு ஒனக்கு?" எல்லாம் சரியான கேள்விகள்தான், கேட்பதற்கு எனக்குத்தான் யோக்கியதை இல்லை. டீச்சர் முன்னால், உதவிக்கு இருந்த பெண் முன்னால், தெருவில் போகிறவன் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

நீ டீச்சரின் தோளில் கையை வைத்தாய். "ஆமா ட்டி, என் தப்புதான். நீ அங்கன உக்காரு. நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி அவளை உன் நாற்காலிக்குக் கூட்டிப் போனாய். நான் முன்னறையில் உட்கார்ந்து பாலிஷ் வட்டு சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாலிஷ் போட்ட ஃபில்லிங்கில் கருவியின் முனை வழுக்கிக்கொண்டு போகும். போடாததில் சரசரக்கும். அது உன் விரலுக்குத் தெரியாதா? தெரியாமலிருக்க வேண்டுமே என்று நான் கும்பிடாத சாமி இல்லை. வெளியே வந்தபோது உன் முகத்தில் ஒன்றும் இல்லை. மேல்தோலோடு சிவப்புப் போய்விட்டது. ஆனால் பல்லும் ஃபில்லிங்கும் சேருகிற விளிம்பில் நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் தங்கிவிட்டது. அதை எடுக்க வேண்டுமானால் மொத்தத்தையும் பிரித்துக் கட்ட வேண்டும், அவளுக்கோ முக்கூடல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ யாரும் கூப்பிடாமல் முக்கூடலுக்குக் கிளம்பிப் போனதைத் திங்கட்கிழமைதான் சொன்னாய். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நடித்தே காட்டினாய். உனக்கு ஒரு கூட்டம் கிடைத்தால் போதாதா!

"பையனோட அம்மா நல்ல கூர்மை ட்டி. பொண்ணு காப்பி கொண்டாந்து வச்சிட்டு நிமிருதா, அந்தம்மா கண்ணு நேரே பல்லுக்குத்தான் போவுது. 'பொண்ணு வெத்தல போடுமோ?' ன்னு ஒரு கேள்வி. நம்ம நேரம், டீச்சரோட அம்மா அங்கனதான் பீடித்தட்ட ஒதுக்கி வச்சிட்டு வெத்தலைய மென்னுக்கிட்டு உக்காந்திருக்கு. தாயப் போல பிள்ளன்னு முடிவு கட்டியாச்சு. டீச்சர் எல்லாத்தையும் பட்டுன்னு சொல்லுதா. 'படித்துறையில விழுந்து ஒடஞ்ச பல்லு அத்தை, முந்தாநாள்தான் கட்டுனேன், முகாம்ல போட்ட மருந்து ஒட்டிருச்சு'ன்னு. அந்தம்மா நம்பணுமே! மருந்து எங்கயாவது பல்லுல ஒட்டுமாங்கா."

"அதுக்கு நீ என்ன பண்ணுன?"

"நான் யாரு? பையிலேருந்து பாட்டில எடுத்தேன். எம்பல்லுல தடவுனேன். பதினாலு பேரு முன்னால ஈன்னு இளிச்சுக்கிட்டு நின்னேன் பாரு, பையனுக்குக் காப்பி பொரையேறிருச்சு. அவுக அய்யா சிரிச்ச சிரிப்புல மேல் துண்டு கீழ விழுந்துட்டு. 'இந்தா பாருங்க அத்தை, இது மருந்துக் கலரு. பிள்ளை மேல ஒண்ணும் இல்ல, அது வாயில இதத் தடவுனவ நான்தான், தப்பு எம்மேலதான்'ன்னேன். எனக்கும் ஒரு பல்லு கட்டுனதுதான்னு காட்டுனேன்."

இந்த இடத்தில் நீ டீயை ஒரு மடக்குக் குடித்தாய்.

"அதுக்கு அந்தம்மா கேக்கு, 'அது சரி தாயி, ஒன் வாயில கட்டுன பல்லுல ஒட்டலயே?'ன்னு."

நான் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"எனக்கும் யோசனையாத்தான் இருந்துச்சு" என்றாய். "நீ எனக்குக் கட்டுனது துளி கூட கலர் ஏறல ட்டி. புதுசுலதான் ஒட்டும், எனக்குக் கட்டுனது பழசுன்னு சொல்லி வச்சேன். புதுசுனாலதான?"

எவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்திருந்தாய் நீ! உதட்டோரமெல்லாம் இன்னும் ரோஸாக இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அவசரமே இல்லாமல் பார்த்தாய். நான் என்ன சொன்னேன்? "ஆமா, புதுசுனாலதான். புது ஃபில்லிங் ஒரு நாளைக்குத் தண்ணி குடிக்கும்லா, அதோட கலரையும் சேத்துக் குடிச்சிரும்" என்று புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தேன். அது பொய்யும் இல்லை. நல்ல உண்மையாகப் பார்த்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். "அதாம்லா" என்றாய். டீ கிளாஸைக் கழுவி வைக்கப் போனாய்.

சம்பந்தம் முடிந்தது. பையன் வீட்டுக்குப் போகிற வழியிலேயே, அந்தப் பிள்ளையைத் தவிர வேறு பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். கல்யாணத்துக்கு முந்தி நான் அவளைக் கூப்பிட்டு, பழையதைப் பிரித்துப் புதிதாகக் கட்டி, நாலு வட்டும் மாற்றி பாலிஷ் போட்டு அனுப்பினேன். நீ முகாம் பெட்டியின் மூடிக்குள் ஒரு காகிதம் ஒட்டினாய். 'முதலில் வாயைப் பார். கட்டின பல் உண்டா என்று கேள். இருந்தால் வாஸ்லின் தடவு, புதுசாக இருந்தால் மருந்தே வேண்டாம்.' எல்லாம் உன் வேலைகள். பல் கட்டுகிறவள் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. தினம் பத்துத் தடவை அந்தப் பெட்டியைத் தாண்டிப் போவேன், ஒரு தடவை கூட பேனாவை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் நான் பாலிஷ் போடாமல் ஒருத்தரையும் எழுந்திருக்க விட்டதில்லை. "போதும் டாக்டர், வாய் வலிக்கு" என்று கெஞ்சுவார்கள். கடைவாய்ப் பல்லுக்குக் கூட, யார் பார்க்கப் போகிறார்கள் அதை, தேய்த்துக்கொண்டே இருப்பேன். நீ பக்கத்து நாற்காலியிலிருந்து "விடு ட்டி, அவரு பொண்டாட்டி தேடுவா" என்பாய். செய்த தப்புக்கு வேறு யார் வாயிலோ பரிகாரம் செய்துகொண்டிருந்தேன். உன்னிடம் சொல்வதை விட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, சொல்லிவிடுவதென்று வண்ணார்பேட்டைப் பாலம் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நீ பாதியாக இளைத்திருந்தாய். முகம் சுருங்கிப் பல் பெரிதாகத் தெரிந்தது. நான் கட்டிய பல் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. உன் கண்ணைப் பார்க்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன ட்டி, பாலிஷ் போடணுமா?" என்றாய். சிரித்தாய். உன் உம்மாவும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, புதிதாக வாங்கின நாற்காலியின் மோட்டார் சரியில்லை என்று ஏதோ பேசினேன். ட்டி, நீ தெரிந்துதான் கேட்டாயா? நான் எத்தனை தடவை யோசித்தும் பிடிபடவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

இன்று காலை டீச்சரின் மகளுக்கு வாயைப் பார்த்து, கட்டின பல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மருந்து போட்டேன். பிள்ளை கண்ணாடியில் பார்த்து வாயைப் பிளந்தாள். துலக்கி வா என்று அவளைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, டீச்சரிடம் திரும்பினேன். இனி யாரிடம்தான் சொல்வது? கூடிய சீக்கிரம் எனக்கும் ஐம்பது ஆகப்போகிறது. "டீச்சர், அன்னைக்கு உங்க பல்லுல கலர் ஏறுனதுக்குக் காரணம் நான்தான். பாலிஷ் போடாம அனுப்பிட்டேன். அவ தப்பு இல்ல" என்றேன். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

டீச்சர் குழாயடிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்" என்றாள். "நான் அன்னைக்கு முகாம்லயே அவங்ககிட்ட கேட்டேன். 'நேத்துதான் பல்லு கட்டிருக்கு, இதப் போடலாமா'ன்னு. 'யாரு கட்டுனா, அவளா?'ன்னாங்க. ஆமான்னேன். 'அவ பாலிஷ் போடாம ஒரு பல்ல வெளிய விடமாட்டா, அவ கட்டுன பல்லு ஒண்ணு என் வாயிலயே இருக்கு. பயப்படாம வாயத் தொற'ன்னாங்க."

நான் செவப்பு மருந்துப் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினேன்.

"நீங்க சத்தம் போட்டப்போ அதச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவங்கதான் தோளப் புடிச்சு அமுக்கிட்டாங்க. நாற்காலில உக்கார வச்சிட்டு, 'அவகிட்ட எப்பவும் சொல்லிராதம்மா, தாங்கமாட்டா'ன்னாங்க. இத்தன வருசம் நானும் சொல்லல. இன்னைக்கு நீங்களே ஆரம்பிச்சதால…"

மகள் குழாயடியிலிருந்து வந்து பல்லைக் காட்டினாள். சுத்தமாக இருந்தது. நன்றாக இருக்கிறது தாயி என்று சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் வந்த ரெண்டு பேரையும் நாளைக்கு வரச்சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உன் கண் எங்கே இருந்தது என்று தெருவே பார்க்கக் கேட்டேனே ட்டி! நீ கேட்டுவிட்டுத்தான் போட்டிருக்கிறாய். என்னை நம்பிப் போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியை எடுத்து என் முகத்தில் எறிந்திருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். பதினோரு வருஷம் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, என்னோடு டீ குடித்து, என்னைக் கேலி பண்ணி, வருகிறவர் போகிறவரிடம் என் வேலையைக் காட்டிப் பெருமை பேசி விட்டுப் போயிருக்கிறாய். இனி நான் தினம் பாலிஷ் வட்டை எடுக்கும்போது அந்த நம்பிக்கையைத்தான் கையில் வைத்திருக்கப் போகிறேன். கனக்கிறது ட்டி.

பாலிஷ் போடாமல் விட்டது நான்தான். என் தப்புதான்.